யானைக்கு மக்காச்சோளம் போடச் சொன்ன மகனுக்கு

அன்புள்ள மகனுக்கு என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். அன்பு இல்லாமல் இல்லை. ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசியதற்குப் பிறகு அந்த வார்த்தையை எழுதக் கை வரமாட்டேன் என்கிறது. அதனால் நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். இதை உனக்கு மட்டும் அனுப்பினால் ‘அப்பா கோபமா இருக்காரு, ரெண்டு நாளில் சரியாயிடுவாரு’ என்று மடித்து வைத்துவிடுவாய் என்று எனக்குத் தெரியும். தை மாதம் உன் ஓவியக் கண்காட்சியில் மைக்கைப் பிடித்து நாலு பேர் முன்னால் என்னைப் பற்றிப் பேசினாய் அல்லவா? என் பதிலும் நாலு பேர் கண்ணில் படட்டும் என்றுதான் அச்சில் போடக் கொடுக்கிறேன். உன் பெயரையும் என் பெயரையும் எழுதவில்லை. அந்த அளவுக்கு மரியாதை இன்னும் மிச்சம் இருக்கிறது.

நீ கேட்டதை அப்படியே எழுதுகிறேன், ஒரு சொல் கூட்டவில்லை. “ஏனுங்ப்பா, இந்த வருசம் மழை சீசனுக்கு நான் போடற படம் பூராவும் யானைதானுங்ப்பா. கீழ்த்தோட்டத்துல மக்காச்சோளம் போட்டு உட்டீங்கன்னா கூட்டம் கட்டாயம் எறங்கும். நஷ்டம் எவ்வளவு ஆனாலும் நான் குடுத்தர்றேனுங். வேலி மட்டும் போட்டறாதீங்க, கம்பி தெரிஞ்சா படமே கெட்டுப்போயிரும்.” போனை ஸ்பீக்கரில் போட்டு உங்கம்மாவும் நானும் கேட்டுக்கொண்டிருந்தோம். நான் பதில் பேசாமல் வைத்துவிட்டேன். நீ சிக்னல் போய்விட்டது என்று நினைத்திருப்பாய். மலையடிவாரத்தில் எங்களுக்கு வாய்த்த ஒரே வசதி அது, எது நடந்தாலும் பழியைச் சிக்னல் மேல் போட்டுக்கொள்ளலாம்.

மூன்று தலைமுறையாக மண்ணைக் கட்டிக்கொண்டு அழுகிற குடும்பத்தில், யானை வரட்டும் என்று வெள்ளாமை வைக்கச் சொன்ன முதல் ஆள் நீதான். உன் தாத்தா யானை வரக்கூடாது என்று கோயிலுக்கு நேர்ந்துகொண்டவர். நான் தகரத்தைத் தட்டித் தட்டி இடது காது மந்தமானவன். நீயோ வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கச் சொல்கிறாய். நஷ்டத்தைக் கொடுத்துவிடுகிறாயாம். அடேயப்பா! நீ தரப்போகிற பணம் யானைப் பசிக்குச் சோளப்பொரி என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். கூலிக்கு நாடகம் போடுகிறவனைப் போல, மகன் படம் வரைவதற்காக விவசாயி வேஷம் கட்டி விதைக்க வேண்டும் என்று என்னிடம் கேட்க உனக்கு எப்படி வாய் வந்தது?

உன் தொழிலைக் குறை சொல்கிறேன் என்று நினைக்காதே. படிப்பை முடித்த கையோடு பீளமேட்டில் வேலைக்குப் போய், அதையும் விட்டுவிட்டு ‘இனிமேல் படம்தானுங்ப்பா’ என்று நீ வந்து நின்றபோது ஊரே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. பயந்தேன், அது வேறு. ஆனால் அந்த ஆடியில் நீ மோட்டார் ரூம் மொட்டைமாடியில் உட்கார்ந்து வரைந்த மயிலைப் பார்த்ததும் பயம் போய்விட்டது. அறுபது வருஷமாக நான் மயிலைத் துரத்திக்கொண்டிருக்கிறேன். பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கிற ஆடிக் காற்றில் அது தோகையைத் தூக்க முடியாமல், எதிர்க்காற்றில் குடையைப் பிடித்துக்கொண்டு போகிறவனைப் போல ஒரு காலை அழுத்தி ஊன்றி நிற்கும் என்பதை நீ வரைந்த பிறகுதான் கவனித்தேன். தக்காளியைக் கொத்துகிற பீடை என்று மட்டும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது புதுசாக இருந்தது. அன்று முழுக்க எனக்கு மனசு நிறைந்திருந்தது.

அப்புறம்தான் நீ பருவத்துக்கு ஒன்று என்று பிரித்துக்கொண்டாய். ஆனி ஆடிக் காற்றுக்கு மயில். புரட்டாசி ஐப்பசி மழைக்கு யானை. மார்கழிப் பனியில் சோளக்கதிர் மேல் கூட்டமாக வந்து விழுகிற சூறைக்குருவி, அதன் வெளிறிய ரோஜா நிறத்துக்காக எத்தனை தாளைக் கிழித்துப் போட்டாய்! பங்குனி சித்திரை வெயிலில் மாட்டுத் தொட்டிக்குத் தண்ணீர் குடிக்க வருகிற புள்ளிமான். கண்ணால் பார்க்காததை வரையமாட்டேன், போட்டோவைப் பார்த்து வரைவது திருட்டு என்று நீ சொன்னபோது என் மகன் என்று நெஞ்சு நிமிர்ந்தது. வருஷத்துக்கு நாலு சீசன், நாலு தடவை நீ வீட்டுக்கு வந்தாய். நான்தான் மடையன், நீ வீட்டுக்கு வருகிறாய் என்று நினைத்துக்கொண்டேன்.

உங்கம்மா மடைச்சி இல்லை. அவள் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டாள். நீ தங்கியிருக்கிற பீளமேட்டுக்கும் நமக்கும் என்ன தூரம்? பெரியநாயக்கன்பாளையத்தில் பஸ் ஏறினால் காந்திபுரத்தில் மாறி ஒரு டீ குடித்துவிட்டுப் போகிற தூரம். என் அறுபதாம் கல்யாணத்துக்கு மதியம் வந்து மாலையில் போனாய், வேலை இருக்கிறது என்றாய். பசு கன்று போட்டது என்று சொன்னால் ‘அப்படீங்களா’ என்றாய். மயில் அகவுது என்றால் மறுநாள் காலையில் வாசலில் நின்றாய். அதைத் தெரிந்துகொண்டு உங்கம்மா என்ன செய்தாள் தெரியுமா? பால்காரனிடம் ஒரு சொட்டுக் கணக்கு மாற்றிச் சொல்லாதவள், உன்னிடம் மானைப் பற்றிப் பொய் சொன்னாள். “கண்ணு, நேத்து பொளுது உழுகறப்ப ரெண்டு மானு வந்துச்சு சாமி, ஒண்ணுக்குக் கொம்பு இத்தாப் பெருசு” என்று போனில் அளந்தாள். நான் பக்கத்திலேயே உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருந்தேன். மானும் வரவில்லை, ஒரு மண்ணும் வரவில்லை. நீ வந்தாய். வந்து மூன்று நாள் தொட்டியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். உங்கம்மா அந்த மூன்று நாளும் உனக்குப் பிடித்த கொள்ளுப்பருப்பும் கோழிக் குழம்பும் மாற்றி மாற்றிச் செய்து போட்டு, உன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பொய் சொல்லிப் பையனை வரவெக்கறயே, வெக்கமா இல்லையா புள்ள?” என்று கேட்டேன்.

“எனக்கு என்னங்க வெக்கம்? என்ற பையனைப் பாக்கறதுக்கு நான் மானு மேல மட்டுமில்லீங்க, புலி மேலயும் பொய் சொல்லுவேன்” என்றாள். அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போன வருஷம் புரட்டாசியில் நடந்ததற்கு வருகிறேன். கீழ்த்தோட்டத்தில் மக்காச்சோளம் ஆள் உயரத்துக்கு மேல் நின்றது. கதிர் முற்றித் தோல் காய்ந்துவிட்டது. அறுவடை மிஷின்காரனிடம் சொல்லிவைத்து, திங்கட்கிழமை வருவதாக ஏற்பாடு. நீ உங்கம்மாவைக் கூப்பிட்டு, கதிரோடு நிற்கிற தோட்டத்தில் யானை வேண்டும், நான் அடுத்த வாரம் வருகிறேன், அதுவரைக்கும் அறுக்காதீர்கள் என்று கேட்டாய். இது உனக்குத் தெரிந்த கதை. உனக்குத் தெரியாதது, அவள் அதை என்னிடம் சொல்லவே இல்லை என்பது. சொன்னால் நான் விடமாட்டேன் என்று தெரிந்து, நேராக மிஷின்காரனைக் கூப்பிட்டு ஒரு வாரம் தள்ளிப் போட்டுவிட்டாள். என்னிடம், “அவனுக்கு வேற பக்கம் வேலையாமுங்க, அடுத்த வாரந்தான் வருவானாமுங்க” என்றாள். முற்றிய கதிரைக் காட்டோரத்தில் ஒரு நாள் நிறுத்தி வைப்பதே வயிற்றில் நெருப்பு. ஒரு வாரம் நிறுத்தினோம்.

அந்த வெள்ளிக்கிழமை, ரீவைண்டிங் கடையில் கொடுத்திருந்த மோட்டாரை வாங்க நான் பெரியநாயக்கன்பாளையம் போயிருந்தேன். சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே யானை இறங்கிவிட்டது. மூன்று. பேர் சொல்லக்கூடாது என்று நம் பக்கத்தில் ‘பெரியவர்’ என்போமே, அந்தப் பெரிய கொம்பனும் அதில் ஒன்று. வீட்டுக்குள் பட்டாசு இருந்தது. தகரம் இருந்தது. வனத்துறை ஜீப்புக்குக் கூப்பிடுகிற நம்பர் சுவரிலேயே எழுதியிருக்கிறது. உங்கம்மா எதையும் தொடவில்லை. முதலில் உன்னைக் கூப்பிட்டாள். “கண்ணு, வந்திருச்சு, ஓடியா” என்றாள். உடனே வரமுடியாது என்றாய். அதற்கடுத்து நீ சொன்னதும் உனக்கு ஞாபகம் இருக்கும். வீடியோ கால் போடுங்கம்மா, கொஞ்சம் கிட்டப் போங்க, போனை மேலே தூக்கிப் பிடிங்க என்றாய். போட்டோவைப் பார்த்து வரைவது திருட்டு என்று சொன்ன வாய் அது.

அவள் போனாள். அறுபத்திரண்டு வயதுக்காரி, ஒரு கையில் சேலையைத் தூக்கிக்கொண்டு, ஒரு கையில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வாய்க்கால் கரை வரைக்கும் போனாள். படம் கொஞ்ச நேரம் நன்றாக வந்து, அப்புறம் ஆடி, கோணலாகி, கட்டாகிவிட்டது. சரிதானே? சிக்னல் போகவில்லை கண்ணு. கொம்பன் திரும்பிப் பார்த்துக் காதை விரித்து ரெண்டு எட்டு முன்னால் வைத்தது. அவள் திரும்பி ஓடினாள். சொட்டுநீர்க் குழாயில் கால் மாட்டி வாய்க்காலுக்குள் விழுந்தாள். இடுப்பு எலும்பு அங்கேதான் உடைந்தது, பாத்ரூமில் இல்லை. யானை அவளைத் தொடவில்லை. அது பாட்டுக்குத் திரும்பிப் போய்த் தின்ன ஆரம்பித்துவிட்டது.

நான் வண்டியை நிறுத்தும்போது மூன்றும் தோட்டத்துக்குள் நின்று சோளத்தட்டை முறிக்கிற சத்தம் கேட்டது. உங்கம்மா வாய்க்காலில் மல்லாந்து கிடந்தாள். பதறிக்கொண்டு ஓடினேன். அவள் என்ன செய்துகொண்டிருந்தாள் என்று நினைக்கிறாய்? உன்னைத் திரும்பக் கூப்பிட்டுப் பேசிக்கொண்டிருந்தாள். காலை அசைக்க முடியவில்லை, முகம் வெளுத்துக் கிடக்கிறது, குரலை மட்டும் எங்கிருந்தோ சரிசெய்துகொண்டு, “சிக்னல் போயிருச்சு கண்ணு. படம் நல்லா வந்துச்சா?” என்று கேட்டாள். நீ நன்றாக வந்தது என்று சொல்லியிருக்க வேண்டும், அவள் முகம் மலர்ந்தது. நான் போனைப் பிடுங்கப் போனேன். என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள் பார், அந்தப் பிடி இப்போதும் வலிக்கிறது.

“அவனுக்குச் சொல்லாதீங்க” என்றாள். “சொன்னா வெசனப்பட்டுப் படம் போடறதையே உட்டுப்போடுவான். அப்பறம் எதுக்குங்க அவன் இங்க வரப்போறான்?”

பக்கத்துத் தோட்டத்துப் பழனிச்சாமி கார் எடுத்து வந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் ஒவ்வொரு குழிக்கும் அவள் பல்லைக் கடித்தாள். பாத்ரூமில் வழுக்கி விழுந்ததாகத்தான் எல்லோரிடமும் சொல்ல வேண்டும் என்று என்னிடமும் பழனிச்சாமியிடமும் சத்தியம் வாங்கினாள். நான் செய்து கொடுத்தேன். வலியில் கிடக்கிறவளோடு வழக்காடவா முடியும்? அந்தச் சத்தியத்தை இன்றைக்கு உடைக்கிறேன். நான் எழுதிக்கொண்டிருப்பது அவளுக்குத் தெரியும், என்ன எழுதுகிறேன் என்பதுதான் தெரியாது. தெரிந்தால் பேசமாட்டாள். பேசாமல் இருக்கட்டும், பரவாயில்லை.

மறுநாள் காலையில் நீ ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தாய். அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாய், அதை நான் மறைக்கமாட்டேன். ஆனால் மதியம் அவள், “போ சாமி, தோட்டத்தைப் போய்ப் பாரு. தட்டெல்லாம் சாஞ்சு கெடக்குது, காயறதுக்குள்ள வரைஞ்சுக்கோ” என்று சொன்னதும், ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, ‘வேண்டாம்மா, இருக்கேன்’ என்று சொல்லுவாய் என்று நான் உன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். சாயங்காலம் அவளுக்கு மாற்றுச் சேலை எடுக்க நான் வீட்டுக்கு வந்தேன். நீ வாய்க்கால் கரையில் பக்கெட்டைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தாய். உன் முகத்தில் சின்ன வயதுக்குப் பிறகு நான் பார்க்காத ஒரு சந்தோஷம் இருந்தது. நான் வந்ததையும் பார்க்கவில்லை, போனதையும் பார்க்கவில்லை. நானும் கூப்பிடவில்லை. சேலையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன், எனக்கு வந்தது கோபமா அழுகையா என்று எனக்கே தெரியவில்லை.

அந்தப் படத்துக்குத்தான் ‘ஒரம்பரை’ என்று பெயர் வைத்தாய். வீட்டுக்கு வருகிற சொந்தபந்தத்துக்கு நம் ஊரில் சொல்கிற பெயரை யானைக்குச் சூட்டினாய். நல்ல பெயர்தான். கண்காட்சியில் கூட்டம் அந்தப் படத்தின் முன்னால்தான் நின்றது. சக்கர நாற்காலியில் உங்கம்மாவையும் கூட்டிப்போய் அதன் முன்னால் நிறுத்தினேன். அவள் தன்னை மிரட்டி விழவைத்த கொம்பனை நிமிர்ந்து பார்த்து, “அப்படியே இருக்கறாருங்க” என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள். ஒரு அம்மா, நல்ல கைத்தறிச் சேலை கட்டினவங்க, என்னிடம் வந்து, “நீங்க எவ்வளவு கொடுத்து வெச்சவங்க, யானைகளோட வாழறீங்க” என்றார்கள். “ஒரு மாசம் மாத்திக்கலாமுங்களா? நீங்க எங்க ஊட்டுல இருங்க, நாங்க உங்க ஊட்டுல இருக்கறோம்” என்றேன். நான் தமாஷ் செய்வதாக நினைத்துச் சிரித்தார்கள்.

அந்த அம்மாதான் உன்னிடமும் கேட்டார்கள். படத்தின் கீழ் மூலையில், சேறும் சாய்ந்த தட்டும் கலந்து கிடக்கிற இடத்தில், சிவப்பாக ரெண்டு மூன்று கீற்று மின்னுகிறதே, அது என்ன என்று. நீ என்ன சொன்னாய்? மாலை வெளிச்சம், மண்ணில் பட்டுத் தெறிக்கிறது என்றாய். எனக்கு அந்த இடத்திலேயே கத்த வேண்டும் போல இருந்தது. அது உங்கம்மாவின் கண்ணாடி வளையல். விழுந்தபோது உடைந்தது. நீ உட்கார்ந்து வரைந்த இடத்துக்குப் பக்கத்திலேயே சேற்றில் துண்டு துண்டாகக் கிடந்திருக்கிறது. கண்ணால் பார்க்காததை நீ வரையமாட்டாய், பார்த்துத்தான் வரைந்திருக்கிறாய். தட்டின் நரம்பு விடாமல் வரைந்தவனுக்கு, வயல் சேற்றில் வளையல் துண்டு எப்படி வந்தது, இது யாருடையது என்று கேட்கத் தோன்றவில்லை. சிவப்பு நன்றாக இருந்தது, எடுத்துக்கொண்டாய்.

இதோடு விட்டிருந்தால் நானும் விழுங்கியிருப்பேன். மைக்கைப் பிடித்து, “எங்கப்பாவுக்கு யானைன்னா உசுரு. அவரு வெதைக்கறதே அதுகளுக்காகத்தான்” என்றாய். கை தட்டினார்கள். என் பக்கம் திரும்பிக் கும்பிட்டார்கள். நானும் கும்பிட்டேன், வேறு என்ன செய்ய? ஊர்க்காரன் ஒருவன் என் காதோரம், “ஏனுங்ண்ணா, அப்பறம் எதுக்கு ராத்திரியெல்லாம் டப்பாவைத் தட்டிக்கிட்டுத் தூக்கத்தைக் கெடுக்கறீங்க?” என்று கேட்டான். எனக்கு யானை உசுரும் இல்லை, விரோதியும் இல்லை. அதற்குப் பசி. மலையில் தண்ணீர் இல்லை, கீழே கதிர் மணக்கிறது, வருகிறது. நான் விரட்டுகிறேன். எங்கள் ரெண்டு பேருக்கும் நடுவில் ஒளிவுமறைவு கிடையாது. நீ நடுவில் புகுந்து அதை ஒரம்பரையாக்கி, என்னை வள்ளலாக்கி, பெத்தவளைச் சேற்றில் கிடத்திவிட்டு, சட்டம் போட்டு மாட்டிவிட்டாய்.

மிஷினைத் தள்ளிப் போட்டது உங்கம்மாதான் என்பது எனக்கே ஐப்பசியில்தான் தெரிந்தது. பழனிச்சாமி தோட்டத்துக்கு அறுக்க வந்த மிஷின்காரன், “அக்கா சொன்னதாலதானுங்ண்ணா தள்ளி வந்தேன், பையன் வாரான்னு சொன்னாங்க” என்று வருத்தப்பட்டான். வந்து அவளிடம் சத்தம் போட்டேன். வாக்கரைப் பிடித்துக்கொண்டு நின்றவள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. “ஆமாங்க, நாந்தான். அவன் கேட்டான், மாட்டேன்னு சொல்ல வாய் வரலீங்க” என்றாள். பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்று சும்மாவா சொன்னார்கள்? நான் பித்தும் இல்லை, கல்லும் இல்லை. நடுவில் மாட்டிக்கொண்டவன்.

அந்த ஆஸ்பத்திரி நாளுக்குப் பிறகு எத்தனை தடவை வந்தாய் என்று நான் எண்ணிக் காட்டப்போவதில்லை. தீபாவளிக்கு வந்தாய், எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுக் கிளம்பினாய். பனி சீசனில் குருவி வரவில்லை, நீயும் வரவில்லை. வெயிலில் மான் வந்ததா என்று உங்கம்மாவிடம் கேட்டாய். அவளால் மாட்டுத் தொட்டி வரைக்கும் நடந்து போய்ப் பார்க்க முடியாது, அதனால் அந்தத் தடவை பொய் சொல்லவும் தெரியாமல் திணறினாள். “தெரியலீங் கண்ணு” என்றாள். அவ்வளவுதான், வெயிலும் போயிற்று. அவள் இந்த வீட்டுக்குள் கட்டிலில் இருந்து சமையலறைக்கும், சமையலறையில் இருந்து வாசலுக்கும் அந்த அலுமினியச் சட்டத்தைத் தள்ளிக்கொண்டு நடக்கிறாள். அந்த நடையை நீ ஒரு தடவை உட்கார்ந்து பார்த்ததில்லை. காற்றில் மயில் எந்தக் காலை அழுத்தி ஊன்றும் என்று உனக்குத் தெரியும். உங்கம்மா எந்தக் காலை ஊன்றுகிறாள் என்று கேட்டால் சொல்லுவாயா?

போன ஞாயிறு உன் போனை நான் வைத்த பிறகு என்ன நடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான், “கேட்டியா உன்ற பையன் பேசறதை?” என்றேன். அவளும் என்னைப் போலக் கொதிப்பாள் என்று எதிர்பார்த்தேன்.

“போட்டறலாமுங்க” என்றாள்.

“எதை?”

“மக்காச்சோளத்தைத்தானுங்க. போட்டா என்ன? பொரட்டாசி முச்சூடும் இங்கயே இருப்பான். கூட்டம் எறங்கிருச்சுன்னா ஐப்பசி வரைக்கும்கூட இருப்பான்.”

உடைந்த இடுப்பில் தகடு வைத்துத் தைத்தவள் பேசுகிற பேச்சா இது? கண்டபடி திட்டிவிட்டேன். அவள் அழவில்லை. “நீங்க வேணும்னா வெளிய வராதீங்க. நானும் இந்தத் தடவை ஊட்டை உட்டு எறங்க மாட்டேன். யானை பாட்டுக்குத் திங்கட்டும், பையன் பாட்டுக்கு வரையட்டும். நான் சன்னல்ல இருந்து பாத்துக்கறேன்” என்றாள். எதைப் பார்ப்பாளாம்? யானையையா? அன்றைக்கு இரவு அவள் சாப்பிடவில்லை, நானும் சாப்பிடவில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நாங்கள் ரெண்டு பேரும் சேர்ந்து பட்டினி கிடந்தது அன்றைக்குத்தான்.

உனக்கு அறிவுரை சொல்லுகிற யோக்கியதை எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. இருந்தாலும் அப்பன் என்கிற பாத்தியதையில் சொல்லுகிறேன். வரை, நிறைய வரை, நீ வரைவது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எதை வரைகிறாயோ அதற்குப் பக்கத்தில் நிற்கிறவரையும் ஒரு தடவை திரும்பிப் பார். மேடையில் என் பெயரில் பொய் சொல்லாதே, வேண்டுமென்றால் என்னைக் கூப்பிடு, என் பொய்யை நானே சொல்லிக்கொள்கிறேன். யாராவது உனக்காகப் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றால், ‘போதும், உள்ளே போங்க’ என்று சொல்லக் கற்றுக்கொள். இன்னும் நாலு சொல்லலாம், எழுதும்போதே அலுப்பாக இருக்கிறது.

கீழ்த்தோட்டத்தைப் பற்றிக் கேட்டாய் அல்லவா? புதன்கிழமை டிராக்டர் விட்டு உழுதேன். வெள்ளிக்கிழமை நடவுக்கு ஆட்கள் வந்தார்கள். மக்காச்சோளம் இல்லை, மஞ்சள். யானை மஞ்சளைத் தொடாது, மயிலுக்கும் அங்கே வேலை இல்லை, குருவிக்குக் கொத்த ஒரு மணி கிடையாது. சுற்றிலும் சோலார் வேலிக்கும் சொல்லியாயிற்று. ஆட்கள் மஞ்சள் கிழங்கை ஊன்றிக்கொண்டு போவதை உங்கம்மா வாசலில் வாக்கரைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தாள். என்னைத் தடுக்கவில்லை. கடைசிப் பாத்தி முடியும் வரைக்கும் நின்றாள். சாயங்காலம் நான் காகிதத்தை எடுத்து உட்கார்ந்ததும், “அவனுக்குத்தானுங்க எழுதறீங்க?” என்றாள். ஆமாம் என்றேன். “அவனை வையாதீங்க” என்றாள். அப்புறம், “எப்ப வாரான்னு மட்டும் கேட்டு எழுதுங்க” என்றாள்.

கேட்டுவிட்டேன். வருவதாக இருந்தால், தாளும் வர்ணமும் தூக்கிக்கொண்டு வராதே. வரைவதற்கு இங்கே இனி ஒன்றும் வராது. நாங்கள் ரெண்டு பேர்தான் இருப்போம்.

அப்பா